தவறணையும் மேல்வீடும்

புதைபொருளாராய்ச்சி என்றதும் மண்ணுள் மறைந்த அரண்மனைகளும் மன்னர்தம் கல்வெட்டுகளுமே பலர் நினைவுக்கு வருவன. ஆயின், கல்வெட்டில் இடம்பெறாத கூலித்தொழிலாளரின் வரலாற்றை எங்கே தேடுவது? அமெரிக்காவின் நியூயோர்க் நகரில், ஓச்சாட் வீதி 97ஆம் இலக்கக் கட்டிடம் இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

1863ஆம் ஆண்டில் இதனைக் கட்டுவித்தவர் லூக்காஸ் கிளொக்னர் என்னும் ஜேர்மன் தையற்காரர். ஜேர்மனியர் பெருகி வாழ்ந்தமையால் அப்பகுதி அக்காலத்தில் ‘சின்ன ஜேர்மனி’ என வழங்கிற்று. கட்டிடத்தில் 22 குடிமனைகள் இருந்தன. குடிமனை ஒன்றுக்கு மூன்று சிற்றறைகள். அவற்றுள் ஓர் அறைக்கே வெளிச்சாளரம் உண்டு. தண்ணீருக்கும் மலகூடத்துக்கும் பின்முற்றத்துக்கே இறங்கிச் செல்லவேண்டும்.

கீழ்த்தளத்தில் 1864 முதல் 1886 வரை ஜோன் சினைடரும் அவர் மனைவி கரோலைனும் பியர்த் தவறணை நடத்தினர். தவறணை என்றதும் முகஞ் சுளிப்போர் உளர். ஆயின், அந்நிய நாட்டில் உழைத்துக் களைத்த ஜேர்மனியருக்கு அது குடிக்குமிடம் மட்டுமன்று; தாய்மொழியிற் பேசவும், சங்கங் கூடவும், வேலைச் செய்தி அறியவும் உதவிய பொதுமண்டபமுமாகும். கடையின் பின்னறைகளே தம்பதியரின் வீடு.

மேல்மாடியிலோ வேறொரு கதை. 1873இல் பொருளாதார நெருக்கடி மூண்டது. மறுவருடம் ஒக்டோபர் 7ஆந் திகதி வேலைக்கெனப் புறப்பட்ட யூலியஸ் கும்பேட்ஸ் என்னும் சப்பாத்துத் தொழிலாளி வீடு மீளவேயில்லை. சிறுபிள்ளைகளுடன் தனித்து நின்ற மனைவி நத்தலி, தையற்றொழிலால் குடும்பத்தைக் காத்தார். 1883இல் கணவரின் தந்தை விட்டுச்சென்ற 600 டொலரைப் பெறும்பொருட்டு, காணாமற்போன கணவர் இறந்தவரெனத் தீர்ப்பளிக்குமாறு நீதிமன்றை வேண்டினார். அந்த விண்ணப்பம் இல்லையேல், இன்று அவர் துயரை அறிவார் எவருமிலர்.

1935இல் புதிய பாதுகாப்பு விதிகளுக்கமையத் திருத்துவதற்கு மனமில்லாத உரிமையாளர், மேல்மாடிகளில் வாழ்ந்தோரை அகற்றிக் கதவடைத்தார். அரை நூற்றாண்டின் பின், 1988இல், நூதனசாலை அமைக்க இடந் தேடியோர் அவற்றைக் கண்டபோது, குடிகள் வாழ்ந்த சுவடுகள் அழியாதிருந்தன. சில சுவர்களில் ஏறத்தாழ 20 படைக் கடதாசிகள் ஒன்றின்மேலொன்றாக ஒட்டப்பட்டிருந்தன. பின்னர் முற்றத்தை அகழ்ந்தோர் பழைய மலகூடங்களின் அடித்தளத்தையுங் கண்டனர். 2012இல் தவறணையும் பழைய வடிவில் மீள அமைக்கப்பட்டது.

பொருள்கள் மட்டும் பேசமாட்டா. ஏடுகள் மட்டும் வாழ்க்கையைக் காட்டமாட்டா. சுவரையும் மண்ணையும், குடிசன மதிப்பேட்டையும் வழக்கேட்டையும் ஒருங்கே வைத்துப் படித்தபோதே நத்தலி என்னும் பெண்ணின் வாழ்வு துலங்கிற்று. கதவடைத்த உரிமையாளர் கட்டிடத்தையும் இடித்திருப்பாராயின், அவர் நடந்த படியும் இருந்த அறையும் நமக்குக் கிட்டியிரா. பழைய வீடொன்றை இடிக்க முனைவோர், அதில் வாழ்ந்தவர் யாவர் என்று ஒருமுறையேனும் வினவுதல் நன்று.