பண்பாட்டுப் பூங்காவில் குழந்தைகளுக்கு என்ன வேலை?

பண்பாட்டுப் பூங்கா என்பது ஒரு நாட்டின் அல்லது வட்டாரத்தின் பழைய வாழ்க்கையைத் திறந்தவெளியில் கண்முன் நிறுத்தும் இடம். வீடுகள், தொழிற்கூடங்கள், கைவினைஞர்கள், கூத்து, இசை, சாப்பாடு எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருக்கும். பெரியவர்களுக்கு இந்த இடங்களில் தங்கள் பழைய நாட்கள் கிடைக்கின்றன. பாட்டி வீட்டு முற்றத்தைப் போல ஒன்றைக் கண்டதும் நின்றுவிடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி நினைத்துப் பார்க்க ஒன்றும் கிடையாது. அந்த வீடு அதற்கு யாரோ ஒருவருடைய பழைய வீடு. உள்ளே செய்வதற்கு ஏதாவது இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் எங்கே விற்கிறார்கள் என்று கேட்கும். பூங்கா நடத்துபவர்கள் நூறாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டிவரும் சிக்கல் இது.

இந்த வகைப் பூங்காக்களுக்கெல்லாம் முன்னோடி, சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்கான்சென். ஆர்ட்டர் ஹாசெலியஸ் அதை 1891 அக்டோபர் 11-இல் திறந்தார். தொழிற்சாலையும் ரயிலும் வந்து கிராமங்கள் வேகமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. நாட்டின் பல மூலைகளிலிருந்து பண்ணை வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து ஒரு மேட்டின்மேல் மறுபடி கட்டினார். இன்று அங்கே ஏறத்தாழ 150 கட்டடங்கள் இருக்கின்றன. வீடுகள் மட்டும் நின்றிருந்தால் குழந்தைகள் ஒரு முறைக்கு மேல் வந்திருப்பார்களா என்பது ஐயம்தான். அங்கே கரடி, ஓநாய், கலைமான் என்று அந்த நாட்டு விலங்குகளும் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கென்றே லில் ஸ்கான்சென் என்ற தனிப்பகுதி இருக்கிறது. கண்ணாடி ஊதுபவர் உலைக்கு முன்னால் நின்று வேலை செய்கிறார். கிறிஸ்துமஸ் சந்தை 1903-இல் தொடங்கி நடந்துவருகிறது. வீடு, விலங்கு, வேலை, திருவிழா என்ற இந்தச் சேர்க்கையைத்தான் பின்னால் வந்த பூங்காக்கள் பலவும் தங்கள் வசதிக்கேற்ப எடுத்துக்கொண்டன.

குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது என்ற கேள்விக்குத் தெளிவான விடை ஒன்றை 1957-இல் ஃப்ரீமன் டில்டன் எழுதிவைத்தார். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் வருகையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் கலையைப் பற்றிய அவருடைய நூலில் ஆறு கோட்பாடுகள் உள்ளன. ஆறாவது, குழந்தைகளைப் பற்றியது. பெரியவர்களுக்குச் சொல்வதையே தண்ணீர் கலந்து கொடுத்தால் போதாது, குழந்தைகளுக்கான வழி அடிப்படையிலேயே வேறாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்றும் பல இடங்களில் இது காற்றில் பறக்கவிடப்படுகிறது. பெரியவர்களுக்கான பலகையில் இருக்கும் வாசகத்தைப் பாதியாக வெட்டி, பக்கத்தில் ஒரு யானைப் படத்தைப் போட்டு, குழந்தைகளுக்கானது என்று மாட்டிவிடுகிறார்கள்.

வேறு வழி என்றதும் ராட்டினத்தின் பக்கம் தாவுகிறவர்களும் உண்டு. அதன் பலனைச் சிங்கப்பூரின் ஹா பார் வில்லாவில் பார்க்கலாம். டைகர் பாம் தைலத்தால் பெரும் செல்வம் சேர்த்த ஆ பூன் ஹா, தம்பிக்காக 1937-இல் அமைத்த தோட்டம் அது. சீனப் புராணக் கதைகளையும் நீதிக் கதைகளையும் காட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள் அங்கே உள்ளன. பாவம் செய்தவர்களுக்கு நரகத்தின் பத்து மன்றங்களில் கிடைக்கும் தண்டனைகளைப் பார்த்து அஞ்சி வளர்ந்த தலைமுறைகள் சிங்கப்பூரில் உண்டு. பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது தெரியட்டும் என்று பெற்றோரே கூட்டிச்சென்றார்கள். 1990-இல் இந்தத் தோட்டம் கட்டணம் செலுத்திப் போகும் கேளிக்கைப் பூங்காவாகப் பெரும் செலவில் மாற்றித் திறக்கப்பட்டது. நீர்ச் சவாரி வந்தது. நரகத்தின் மன்றங்களை ஒரு பெரிய டிராகனின் வயிற்றுக்குள் படகில் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. முதலில் வந்த கூட்டம் பிறகு வற்றி, நட்டம் ஏறியது. கடைசியில் சவாரிகள் போயின, சிலைகளைப் பார்க்கக் கட்டணமும் நீங்கியது. நுழைவுக் கட்டணம் உள்படத் தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஒன்று விளங்குகிறது: வேகமும் உயரமும் வேண்டிய பிள்ளைக்கு அவை வேறு இடத்தில் இதைவிட நன்றாகவே கிடைக்கும். பண்பாட்டுப் பூங்காவுக்கு மட்டுமே உரியது அதன் கதையும் தொழிலும். ராட்டினம் வந்தால் பிள்ளையின் கவனம் ராட்டினத்துக்குப் போகும், கதை ஓரத்தில் ஒதுங்கிவிடும்.

தமிழ்நாட்டில் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை அமைத்தது. லாரி பேக்கரின் வடிவமைப்பில் வேலை தொடங்கியது, பென்னி குரியகோஸ் கட்டடக் கலைஞராகத் தொடர்ந்தார். 1996 டிசம்பர் 14-இல் திறக்கப்பட்ட இந்தப் பத்து ஏக்கர் வளாகத்தில் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த 18 வீடுகள் உள்ளன. இடிபடவிருந்த வீடுகளை வாங்கி, மரமும் ஓடும் கல்லுமாகப் பிரித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

குழந்தைகளைக் கூட்டிவரும் பெரியவர்கள் இந்த வீடுகளில் சாதாரணமாகச் செய்வது, பலகையைப் படித்துக் காட்டுவது. ஆண்டும் ஊரும் சாதியும் அதில் இருக்கும். பிள்ளையின் கண் அதற்குள் வேறு எங்கோ போயிருக்கும். வீட்டையே புதிராக்கிக் கேட்டால் கதை மாறுகிறது. ஆந்திரக் கடற்கரையின் விசாகப்பட்டினப் பக்கத்து வீடு வட்டமாக இருக்கிறது, கூரை ஏறக்குறைய தரைவரை இறங்குகிறது. ஏன் மூலையே இல்லாமல் கட்டினார்கள் என்று கேட்டால் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். புயல் என்ற விடையை அவர்களே எட்டும்வரை விட்டுவிடலாம். சுவரைச் சுற்றி ஓடிவரச் சொல்லி, காற்றும் இப்படித்தான் மோதாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்றால், ஓடிய காலுக்கே அது புரியும். கேரள வீட்டின் கூரை ஏன் இவ்வளவு செங்குத்து, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு ஏன் கல்லால் ஆனது, செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் விழுகிற மழை எங்கே போகிறது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கேள்வி போதும். கேள்வித்தாள் அச்சடித்துப் பென்சிலோடு கையில் திணிக்கும் பழக்கமும் இருக்கிறது. அதில் ஆண்டும் பெயரும் கேட்டால் அது பள்ளித் தேர்வாகவே முடிகிறது. தூண்களை எண்ணு, கதவில் செதுக்கிய மிருகத்தைக் கண்டுபிடி, குனியாமல் நுழைய முடிகிற வாசல் எது என்று தேட வைத்தால் அது விளையாட்டு.

கைவேலைகள்தான் குழந்தைகளை நெடுநேரம் பிடித்துவைக்கின்றன. குயவர் பெரிய சக்கரத்தின் விளிம்பில் உள்ள குழியில் கோலை ஊன்றிச் சுழற்றுகிறார். நடுவில் ஒரு உருண்டை மண். பிள்ளை உட்கார்ந்ததும் அதன் கைகளை ஈரமாக்கி, தன் கைகளை மேலே பொத்தி, இரண்டு கட்டைவிரலையும் மெதுவாக மண்ணின் நடுவே அழுத்தச் சொல்கிறார். குழி விரிகிறது, விளிம்பு எழுகிறது. குயவர் கையை எடுத்த கணம் சட்டி ஒரு பக்கம் சாய்கிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்க, பிள்ளையும் சிரித்துவிட்டு இன்னொரு தடவை என்கிறது. அந்த இன்னொரு தடவைதான் இங்கே நடக்கும் கல்வி. இரண்டாவது முறை பிள்ளை குயவரின் விரலைப் பார்க்கத் தொடங்கிவிடும். முடிந்ததும் அடியில் நூலைக் கொடுத்து அறுத்து எடுக்கிறார். சட்டி பச்சை மண், சூளையில் வேகவில்லை, தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும். இதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்க் கரைந்துபோனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆனால் எல்லாத் தொழிலும் குழந்தைக்கு ஏற்றதல்ல. இக்கத் துணிக்கு நூலைக் கட்டிச் சாயம் ஏற்றி நெய்வது நாள்கணக்கில் நடக்கும் வேலை. அதை வேடிக்கை பார்க்கலாம், கூடினால் ஒரு இழை தள்ளிப் பார்க்கலாம். பனை ஓலை அப்படி இல்லை. ஒரு ஓலைத் துண்டை நறுக்கி, மடித்து, நடுவே கருவேல முள்ளைக் குத்தி, ஈர்க்கின் நுனியில் மாட்டினால் காற்றாடி தயார். சில நிமிட வேலை. செய்து முடித்ததும் அதைப் பிடித்துக்கொண்டு ஓடலாம், கடற்காற்றுக்குப் பஞ்சமில்லை. செய்து முடிக்கக்கூடியது, செய்த பொருள் உடனே விளையாட்டாவது, கையோடு வீட்டுக்குக் கொண்டுபோவது ஆகிய மூன்றும் கூடும் வேலைகளைத் தேர்ந்தெடுத்தால் பூங்காவின் பாதி வேலை முடிந்தது.

விளையாட்டென்றால் திண்ணைகளைச் சும்மா விடக் கூடாது. பழைய வீடுகளின் திண்ணை உட்காரவும் பேசவும் ஆடவும்தான் இருந்தது. அங்கே ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகளைச் சுண்ணாம்பால் வரைந்து, கூழாங்கற்களை வைத்துவிட்டால் போதும். 3 புலி, 15 ஆடு. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும், எல்லாம் இறங்கும்வரை நகர முடியாது. புலி தாண்டிக் குதித்து ஆட்டைத் தின்னும், ஆடுகள் கூடிநின்று புலியை அசையவிடாமல் அடைக்க வேண்டும். பலம் குறைந்தவை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஆட்டம் பேசாமலே காட்டிவிடுகிறது. பக்கத்திலேயே 14 குழிகள் கொண்ட பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் இருக்கலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் பசு என்று அள்ளும் வேகத்தில் கூட்டலும் கழித்தலும் தன்னால் நடக்கின்றன. இந்த ஆட்டங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்து அருகே விளக்கம் எழுதுவதைப்போல வீணான வேலை வேறில்லை. காணாமல் போகும் கற்களுக்குப் பதிலாகப் புதிய கற்களை வாரிவைத்துக்கொள்ளலாம். ஆட்டம் தெரிந்த தாத்தாவோ பாட்டியோ கூட வந்திருந்தால் கற்றுக்கொடுக்க ஆளும் ஆயிற்று. அன்றைக்கு முழுவதும் பின்னால் நடந்துவந்தவர்கள் அந்தத் திண்ணையில் முன்னுக்கு வந்துவிடுவார்கள்.

கூத்துகளில் குழந்தைகளுக்கு முதலில் ஒட்டிக்கொள்வது தோல்பாவை. வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு, ஆட்டுத்தோலில் வெட்டிச் சாயம் தீட்டிய பாவைகள். இராமாயணக் கதை நடுவே கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நுழைந்து ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும்போது, கதை தெரியாத பிள்ளைகூட உருண்டு சிரிக்கும். இரவெல்லாம் நடக்கும் கூத்தைப் பகல் பூங்காவில் அப்படியே நடத்த முடியாது, அரைமணிக்குள் முடிவது நல்லது. முடிந்தபின் குழந்தைகளைத் திரைக்குப் பின்னால் விட வேண்டும். அத்தனை குரலும் ஒரே ஆளுடையது என்று கண்டதும் அவர்கள் வாய்பிளப்பது, கூத்துக்கு நிகரான காட்சி. ஒரு பாவையைக் கையில் கொடுத்துத் திரையில் ஆட்டச் சொன்னால், அடுத்த கூத்தைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும்.

இதையெல்லாம் செய்பவர்கள் மனிதர்கள், காட்சிப்பொருள்கள் அல்லர். ஸ்கான்சென் தன் தொடக்கக் காலத்தில் வடக்கே வாழும் சாமி இனக் குடும்பங்களைக் கூடாரத்தோடு கொண்டுவந்து பார்வைக்கு வைத்தது. அந்தக் காலத்துப் பிழை என்று அதைக் கடந்துபோய்விடக் கூடாது. விலைபேசிக்கொண்டும் போட்டோ எடுத்துக்கொண்டும் கைவினைஞரின் முகத்தையே பார்க்காமல் போகும் கூட்டத்தில் அது இன்றும் தொடர்கிறது. பெரியவர்கள் எப்படி நடக்கிறார்களோ அப்படித்தான் குழந்தையும் நடக்கும். குயவரைத் தாத்தா என்றும் கூடை முடைபவரை அக்கா என்றும் கூப்பிட்டு, பெயர் கேட்டு, கேள்வி கேட்கப் பழக்கினால் அவர் அந்த நாளின் ஆசிரியராகிறார். குழந்தைகளோடு பேசுவது தனித்திறமை. அது இருப்பவர்களைத் தேடி அமர்த்தி, அதற்கும் சேர்த்து ஊதியம் தருவது நிர்வாகத்தின் கடமை.

வெயில், தண்ணீர், கழிப்பறை போன்றவை அற்பமாகத் தெரியும், நாளைக் கெடுப்பவையும் அவையே. கடற்கரை வெயிலில் செங்கல் பாதை பதினோரு மணிக்கே சுடும். ஓட்டமும் தேடலும் காலையில், நிழலில் உட்கார்ந்து செய்யும் கைவேலை உச்சிப்பொழுதில், கூத்து மாலையில் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகள் சோர்வதில்லை. பள்ளிப் பேருந்துகளில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்கினால் குயவரின் சக்கரத்தில் ஒருவருக்கும் முறை வராது. சிறு குழுக்களாகப் பிரித்து வேறுவேறு வீடுகளில் தொடங்க வைக்க வேண்டும். ஒரு நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடத் துடிக்கும் ஆசிரியர்கள், மூன்று வீடும் இரண்டு வேலையும் போதும் என்று விட்டுக்கொடுப்பது நல்லது.

விட்டுப்போனவற்றுக்கு மறுபடி வரலாம். பொங்கலுக்குக் கோலமும் பானையும், நவராத்திரிக்குக் கொலுவும், ஓணத்துக்குப் பூக்களமும் என்று வளாகம் ஆண்டு முழுதும் முகம் மாறிக்கொண்டிருந்தால் அதே பிள்ளைக்கு அது வேறு இடம். கோடை விடுமுறையில் பல நாள் பயிற்சி வைத்தால், ஒரு பகலில் முடியாத வேலைகளும் கைகூடும். மண்ணைப் பிசைந்து, வனைந்து, நிழலில் காயவைத்து, சூளை அடுக்கி, வெந்த சட்டியை ஆறவிட்டு எடுக்கும்வரை முழு வேலையையும் பிள்ளையே செய்யலாம்.