பெயரும் கடவுச்சீட்டும்

கடல் கடந்து கல்வி கற்கச் செல்லும் மாணாக்கருக்கு நுழைவனுமதி பெறுவதில் எதிர்பாராமல் நேரும் இடையூறுகளைப் பற்றிச் சில நிமிஷங்கள் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டிருக்கிறார்கள். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நேயர்கள், தூதரகங்களைப் பற்றிய பெரிய விஷயங்களை எதிர்பார்க்கக்கூடும். நாம் சொல்ல வந்தது ஓர் எழுத்தைப் பற்றிய செய்தி. ஆங்கிலத்தில் 'கே' போடுவதா, 'ஜி' போடுவதா என்ற ஐயத்தினால் ஒரு பெண்ணுக்கு ஆறு மாத காலம் வீணாயிற்று. அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. ஆகையால் அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

நமக்குச் சொந்த ஊர் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே. வீட்டில் தமிழ், கச்சேரியில் மலையாளம், கல்லூரிக்குப் பொள்ளாச்சி அல்லது கோயமுத்தூர். தெற்கே இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை ஆகிய வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத் தோட்டங்களிலும் உள்ள தமிழருக்கும் இதே வாழ்க்கைதான். அவர்கள் மலையிறங்கிச் செல்வது போடிக்கும் கம்பத்துக்கும் மதுரைக்கும். 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரள மாநிலம் அமைவதற்கு முன், பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை இராஜ்யத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. பீருமேடும் தேவிகுளமும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. இடுக்கி மாவட்டம் தோன்றியதோ 1972 ஜனவரி 26 அன்று. அதற்கு முன் அம்மலை வட்டங்கள் மூன்றும் கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. எனவே தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் தகரப் பெட்டியைத் திறந்தால், பாட்டனாரின் காகிதத்தில் திருவிதாங்கூர் என்றும், தந்தையின் பள்ளிச் சான்றில் கோட்டயம் என்றும், மகளின் கடவுச்சீட்டில் இடுக்கி என்றும் இருக்கும். மூவரும் பிறந்தது ஒரே லயத்தில்.

ஊர்ப் பெயர் மாறியதற்காவது வரலாறு சாட்சி சொல்லும். ஆட்பெயருக்கு அந்த வசதியும் இல்லை. நம் பக்கத்தில் பெயருக்கு முன் நிற்கும் தலையெழுத்துக்கு ஒரே பொருள் என்பது கிடையாது. எம்.ஜி.ஆர். இலங்கையில் பிறந்தவராயினும் அவருடைய குடும்பம் பாலக்காட்டு வடவன்னூரைச் சேர்ந்தது. அவர் பெயரில் 'எம்' என்பது மருதூர் என்னும் குடும்பப் பெயர், 'ஜி' என்பது தந்தையின் பெயர். எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விசுவநாதனுக்கு 'எம்' மனயங்கத்து என்னும் வீட்டுப் பெயர். 'எஸ்' தந்தை சுப்பிரமணியன். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷனுக்கு முதலெழுத்து திருநெல்லாய் என்னும் கிராமம். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கோ தந்தையின் பெயரைக் குறிக்கும் ஓர் எழுத்து மட்டுமே. வீடு, ஊர், தந்தை ஆகிய மூன்றும் ஒரு புள்ளிக்குப் பின் ஒளிந்துகொண்டு நிற்பது நமக்கு வியப்பைத் தருவதில்லை.

கடவுச்சீட்டில் இதற்கு இடமில்லை. அதில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், இட்ட பெயருக்கு ஒரு கட்டம். தலையெழுத்தை விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்பதே இல்லாத நம்மவர் சிலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு அமெரிக்க விசாவில் இட்ட பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயரின் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகிவிடும். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். அங்கே வாகன உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் அம்மூன்று எழுத்துகளே பெயராக நின்று மாணவரை அலைக்கழித்த கதைகள் பல. ஐக்கிய அரபு நாடுகள் 2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடையவர்களுக்குச் சுற்றுலா, வருகை அனுமதிகளை மறுத்தன. பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் விமான நிலையத்தில் செல்லாக் காசாயிற்று.

இனி அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருவோம்.

நம் ஒன்றுவிட்ட தமக்கை வாழ்க்கைப்பட்டது வண்டிப்பெரியாற்றுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில். தமக்கை கொழுந்து பறிப்பவர். அத்திம்பேர் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவர்களுடைய மகள் தமிழ்ப் பள்ளியில் படித்து, கேரளப் பத்தாம் வகுப்புத் தேர்விலும், பின்னர் தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றிலும் தேறி, 2024ஆம் ஆண்டில் ஜெர்மனியில் முதுகலைப் படிப்புக்கு இடம் பெற்றாள். அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் ஆகும் தொகையை, மாதந்தோறும் சிறிது சிறிதாக மட்டும் எடுக்கக்கூடிய ஒரு கணக்கில் முன்னதாகவே கட்டிவைக்க வேண்டும். அப்போது அத்தொகை 11,208 யூரோ. வங்கிக் கடனும் தமக்கையின் கழுத்து நகையும் சேர்ந்து அதற்கு ஏற்பாடாயிற்று.

தந்தையின் பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம்; உண்மைப் பெயர் வேறு. தமிழில் இருப்பது ஒரே 'க'. சொல்லின் நடுவே வரும்போது அது தானாக மென்மையாக ஒலிக்கும். மலையாளத்தில் வன்மைக்கு ஓரெழுத்தும் மென்மைக்கு வேறோர் எழுத்தும் உண்டு. ஆயினும் முருகன் முதலிய பெயர்களைத் தமிழைப் போலவே வல்லெழுத்தால் எழுதுவது அங்கே வழக்கம். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது அது 'கே' ஆகிவிடுகிறது. பிறப்புப் பதிவேட்டை எழுதிய குமாஸ்தா இவ்வழக்கப்படி எழுதினார். பத்தாம் வகுப்புச் சான்றிதழும் அதையே பின்பற்றியது. கம்பத்தைத் தாண்டியதும் எழுத்து மாறிற்று: கல்லூரிச் சான்றிலும், அதைப் பார்த்து எழுதிய கடவுச்சீட்டிலும் 'ஜி'. கடவுச்சீட்டில் தந்தையின் பெயர்தான் அவளுக்குக் குடும்பப் பெயர்.

இரண்டு பெயரும் ஒருவருடையதே என்பதற்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றை அனுப்பலாம் என்று நாம்தான் யோசனை சொன்னோம். கையிலிருந்தது மலையாளத்தில் மட்டும் எழுதிய பழைய படி. அதை நாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, நோட்டரி ஒருவரின் முத்திரையும் பெற்றுக் கொடுத்தோம். மொழிபெயர்க்கும்போது, 'கே' என்று இருப்பது பிழை, முருகேசனுக்கு 'ஜி' தானே சரி என்று எண்ணி அதைத் திருத்தி எழுதினோம். இருபது ஆண்டுகளாக அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்த்து வருபவர்க்கு இந்தச் செருக்கு வருவது இயல்பு. மூலத்தில் பிழை இருந்தால் பிழையை அப்படியே எழுதி, பக்கத்தில் குறிப்பு இடவேண்டும் என்பது எம் தொழிலின் முதல் விதி. அலுவலகத்தில் இதை இளைஞர்களுக்கு நாமே கற்பித்தும் இருக்கிறோம்.

அந்தப் பெண் எச்சரிக்கையோடு, கணினியில் எடுத்த புதிய பிறப்புச் சான்றின் படி ஒன்றையும் உடன் வைத்திருந்தாள். அதில் ஆங்கிலமும் அச்சாகியிருந்தது, 'கே' என்று. காகிதங்களைச் சரிபார்த்தவர்கள் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஜூலை மாத இறுதியில் கேள்வி வந்தது: மூலத்தில் ஒன்றும் மொழிபெயர்ப்பில் வேறொன்றும் இருப்பதற்குக் காரணம் என்ன?

அன்றிரவு தொலைபேசியில் அவள், "மாமா, நீங்கள் எழுதியது தப்பா, பிறப்புச் சான்று தப்பா? நான் எதைச் சொல்லட்டும்?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

இதற்கிடையில் முகவர் ஒருவர் அவர்கள் வீட்டுக்கு வந்து, பழைய சான்றைக் கிழித்தெறிந்துவிட்டு எல்லாவற்றையும் 'ஜி' ஆக்கிப் புதிதாகக் காகிதம் தயாரித்துத் தருவதாகவும், அதற்கு இன்ன தொகை ஆகுமென்றும் பேசியிருக்கிறார். அத்திம்பேர் சம்மதிக்கும் நிலையில் இருந்தார். அவரைத் தடுப்பதற்கு நாம் சொன்னது, 2023இல் கனடாவில் வெளிப்பட்ட செய்தி. முகவர்கள் கொடுத்த சேர்க்கைக் கடிதங்கள் போலி என்று சில ஆண்டுகள் கழித்துத் தெரியவந்து, படிப்பை முடித்து வேலையும் பார்த்துக்கொண்டிருந்த இந்திய மாணவர் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளானார்கள். ஏமாந்தவர் யார், ஏமாற்றியவர் யார் என்று ஒவ்வொருவராக விசாரிக்க நேர்ந்தது. 2023 டிசம்பர் 1 முதல் அந்நாட்டு அரசு ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே நேரில் கேட்டுச் சரிபார்க்கத் தொடங்கியது. எழுத்துப் பிழைக்கு விளக்கம் உண்டு; பொய்ச் சான்றுக்கு விளக்கம் இல்லை.

செய்ய வேண்டியது எளியதுதான். கேரளத்தில் வில்லேஜ் ஆபீசில், இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று சான்றிதழ் தருவார்கள். 'ஒன் அண்ட் த சேம்' என்று கேட்டால் யாவருக்கும் தெரியும். அத்திம்பேருக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், சிறுபான்மைப் பகுதிகள் என அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே எழுதி, அம்மொழியிலேயே பதில் பெற வழி செய்தது. அவர் தமிழிலேயே மனு எழுதிக் கொடுத்தார். நாமும் நம் தவற்றை ஒப்புக்கொண்டு அரைப்பக்கம் எழுதிக் கையொப்பமிட்டோம். புதிய மொழிபெயர்ப்பை வேறொருவர் செய்தார். நாம் அதைத் தொடவில்லை.

ஆனால் நாள் கடந்துவிட்டது. அக்டோபர் வகுப்புக்குச் செல்ல முடியவில்லை. செப்டம்பர் முதல் தேதியில் கட்டிவைக்க வேண்டிய தொகையும் 11,904 யூரோவாக உயர்ந்தது. அந்த 696 யூரோ நம் நாணயத்தில் 60,000 ரூபாய்க்கு மேல்; அதை நாம் கொடுத்தோம். பல்கலைக்கழகம் அவளுடைய இடத்தை அடுத்த ஏப்ரலுக்கு மாற்றிக் கொடுத்தது. அப்படி மாற்றித் தரவேண்டும் என்று முதல் வாரத்திலேயே எழுதிக் கேட்டிருந்தாள் என்பதுதான் அவளைக் காப்பாற்றியது. சிக்கல் வந்த நாளிலேயே பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் பிரிவுக்குச் செய்தி சொல்லிவிட வேண்டும். நம்மவர் பலர் எல்லாம் சரியான பிறகு சொல்லலாம் என்று வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். அதற்குள் இடம் போய்விடுகிறது.

மறுப்புக் கடிதமே வந்துவிட்டால், அதில் எந்த விதி குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் வாசிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு என்றால், படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு ஏற்படவில்லை என்று பொருள். அதற்கு மேல்முறையீடு இல்லை, புதிய விண்ணப்பமே வழி. 221(ஜி) என்றால் காகிதம் குறைகிறது அல்லது ஆராய்ச்சி நடக்கிறது என்று பொருள். அதைக் கண்டு அழுதுவிட வேண்டியதில்லை. பிரிட்டன் வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவருக்கு மறு ஆய்வு கேட்க 28 நாள் தருகிறது. ஜெர்மனியில் கட்டணமின்றி ஆட்சேபக் கடிதம் எழுதும் வழக்கம் இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இனி மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் செல்ல வேண்டும். ஆகவே அண்ணன் போன வழியில் தம்பி போகலாமென்று நினைப்பது பிசகு. மாணவர் தவறு ஏதும் இல்லாமலும் கதவு அடைபடும்: 2025 மே மாத இறுதியில் அமெரிக்கா புதிய மாணவர் நேர்காணல்களுக்கு நாள் கொடுப்பதையே நிறுத்திவைத்து, ஜூன் 18 அன்றுதான் மீண்டும் தொடங்குவதாக அறிவித்தது.

எல்லையோரத்தாருக்கு இன்னொரு தொல்லை. போடியில் சித்தப்பா வீடு இருக்கிறது, அந்த முகவரியில் சென்னையில் விண்ணப்பிக்கலாம் என்று எண்ணுவார்கள். ஜெர்மானியத் துணைத் தூதரகங்களுள் கேரள வாசிகளுக்கு உரியது பெங்களூரு, தமிழ்நாட்டாருக்கே சென்னை. அமெரிக்கத் துணைத் தூதரகத்திலோ இரண்டு மாநிலத்தாருக்கும் சென்னைதான். மலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை மெய்யாக எழுதிவிட வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் நேயர்களுக்கு இச்சங்கடம் வேறு உருவில் வரும். மராட்டியப் பள்ளிகளில் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று பாகம் கேட்பார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாலக்காட்டுக் குடும்பங்கள் அந்த மூன்றாம் பாகத்துக்கு ஐயர் என்றோ, பாட்டனார் பெயர் என்றோ, ஊர்ப்பெயர் என்றோ எழுதிவைத்தன. அண்ணனுக்கு ஒன்றும் தங்கைக்கு வேறொன்றும் அமைந்த வீடுகளை நாம் அறிவோம். பிறப்புச் சான்றில் எழுத்துப் பிழையைப் பதிவாளரே திருத்த 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இடமுண்டு. பள்ளிச் சான்றில் பெயரைத் திருத்துவது பற்றி 2021 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம், பெயர் ஒருவரின் அடையாளத்தைச் சேர்ந்த உரிமை என்று கொண்டு, மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் கடுமையைத் தளர்த்தியது. இவற்றுக்கெல்லாம் மாதக் கணக்கில் நாளாகும். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதும் முன்பே, பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே, கடவுச்சீட்டையும் சான்றுகளையும் ஒரு மேசையில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கலாம்.

நாம் அப்படிப் பார்த்தோம். தில்லியில் படிக்கும் நம் மகனுடைய பள்ளிப் பதிவேட்டில், நம் பெயரின் கடைசியில் யாரோ 'குமார்' என்று சேர்த்திருக்கிறார்கள். சென்ற மாதம் மனு கொடுத்திருக்கிறோம்.