தலைப்பிரசவத்துக்கு ஊர் திரும்புகிறீர்களா?

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலையை முடித்துக்கொண்டு, தலைப்பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி தமிழ்நாட்டுக்கே குடிவரும் பெண்களுக்கு இன்றைய தகவல்.

28 வாரம் தாண்டினால் விமான நிறுவனங்கள் பெரும்பாலும் மருத்துவர் கடிதம் கேட்கும். 36 வாரத்துக்குப் பிறகு பொதுவாக ஏற்றுவதில்லை. ஆகவே வீட்டைக் காலிசெய்யும் தேதியைவிட, வாரக்கணக்கைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். சீட் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பை ஒட்டிப் போடுங்கள். அவ்வப்போது எழுந்து நடங்கள். காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும். ஸ்கேன் அறிக்கை, ரத்தப் பரிசோதனை முடிவு, தடுப்பூசி விவரம் எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஊர் வந்ததும் முதல் வேலையாக, உங்கள் பகுதி சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவுசெய்யுங்கள். அப்போது கிடைக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண், பிறப்புச் சான்றிதழுக்குத் தேவை. தனியார் மருத்துவமனையில் பிரசவம் என்றாலும் இதை விட்டுவிடாதீர்கள். வளைகாப்புக்கு நாள் பார்க்கும் முன்பே முடித்துவிடுங்கள். குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பையும் பதிவுசெய்ய வேண்டும்.

புதுவீட்டில் சாமான் அடுக்குவது மெதுவாக நடக்கட்டும். தாயின் மாதப் பரிசோதனை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போக வேண்டாம்.