'தாங்குற உடம்பு'

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வழக்கமாக இங்கே சட்டம் பேசுவோம், இலக்கியம் பேசுவோம். இன்றைக்கு என் தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இயன்முறை மருத்துவர். பிசியோதெரபிஸ்ட் என்றால் சட்டென்று புரியும். மூட்டுவலி, முதுகுவலி, கழுத்துவலி என்று வருடக்கணக்கில் வலியோடு வாழ்கிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். அந்த வலியை எப்படி அளப்பது, அளந்ததை எவ்வளவு நம்புவது என்பதுதான் இன்றைய பேச்சு. இதில் சாதி எங்கே வருகிறது என்று சிலர் யோசிக்கலாம். வரும்.

என் அம்மா நாற்பது வருடம் நடவு நட்டவர், களை எடுத்தவர். நான் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு முட்டி வலி தாங்கமுடியாமல் போய், ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "பெரிசா ஒண்ணும் இல்லையே" என்றார். பிறகு, "வலி பத்துக்கு எத்தனை இருக்கும்?" என்று கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடிபடவில்லை. "போன மாசத்துக்கு இப்ப நாலணா கூடத்தான் சார் இருக்கு" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு ஏதோ ஒரு எண்ணை எழுதினார். எந்த ஊர் என்று கேட்டார். ஊரிலா, காலனியிலா என்று கேட்டார். சொன்னோம். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "காட்டு வேலை செஞ்ச உடம்பு தம்பி, இதெல்லாம் தாங்கும்" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்றுகூட நான் நினைக்கவில்லை. பாராட்டாகவே சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

'தாங்கும்' என்ற இந்தச் சொல்லுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1851-ல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் கறுப்பின அடிமைகளுக்கென்றே தனி நோய்களைக் கண்டுபிடித்தார். அடிமை தப்பி ஓடினால் அது ஒரு நோய். வேலையில் சுணங்கினால் அது இன்னொரு நோய். அதற்கு அவர் சொன்ன அறிகுறிகளில் ஒன்று, தோலில் உணர்ச்சி மங்கிப்போவது. சவுக்கடி பட்ட முதுகைப் பார்த்துக்கொண்டே இதை எழுதியிருக்கிறார். அதற்குச் சில வருடங்கள் முன்பு, 1845-க்கும் 1849-க்கும் இடையில், அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்களை வைத்து அறுவை சிகிச்சை பழகினார். அனார்ச்சா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்ச்சாவுக்கு மட்டும் ஏறத்தாழ முப்பது முறை, மயக்கமருந்து இல்லாமல். சிம்ஸுக்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை இருந்தது. 2018-ல்தான் அகற்றினார்கள்.

அடுத்து கருவிகள் வந்தன. 1898-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குழு ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனது. அதில் மெக்டூகல் என்பவர் தீவுவாசிகளின் தோலில் கருவியை அழுத்தி வலியை அளந்தார். ஆங்கிலேயருக்கு இருக்கும் வலியுணர்வில் பாதிகூட இவர்களுக்கு இல்லை என்று எழுதினார். அதே குழுவில் இருந்த ரிவர்ஸ் 1901-02-ல் நம் நீலகிரிக்கே வந்தார். தோடர்களின் புலன்களை அளந்து 1905-ல் நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டார். அந்தக் காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்துகொண்டிருந்தார். அளவுகோலோடு வந்தவர்கள் யாரும் தங்களை அளந்துகொள்ள இங்கே வரவில்லை.

பழைய கதை என்று விடமுடியாது. 2016-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 222 வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் ஆய்வு செய்தார்கள். கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற தவறான கூற்றுகளில் ஏதாவது ஒன்றையாவது ஏறக்குறைய பாதிப்பேர் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், சிகிச்சையிலும் தவறினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆய்வுக்கூடத்தில் சூட்டையும் குளிரையும் வைத்துச் சோதித்த பல ஆய்வுகளில் கறுப்பின மக்கள்தான் கூடுதலாக வலியை உணர்ந்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு 'பிறவியிலேயே அப்படி' என்று கிளம்பிவிடவும் கூடாது. தூக்கமின்மை, ஓயாத மன அழுத்தம், நாள்தோறும் படுகிற அவமதிப்பு எல்லாம் நரம்பு மண்டலத்தின் கூர்மையைக் கூட்டக்கூடியவை.

சரி, வலியை எப்படி அளக்கிறோம்? எங்களிடம் அல்காமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. நுனியில் ஒரு சதுர சென்டிமீட்டர் ரப்பர். அதை முட்டியிலோ தோளிலோ வைத்து ஒரே வேகத்தில் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். வெறும் அழுத்தமாக இருந்தது எந்த இடத்தில் வலியாக மாறுகிறதோ, அங்கே நோயாளி 'இப்போ' என்று சொல்லவேண்டும். அது வலி தொடங்கும் புள்ளி. இனி முடியாது என்று சொல்லும் இடம் வேறு. அது தாங்கும் எல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குழப்பினால் என் அம்மாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இன்னும் சில சோதனைகள் உண்டு. ஒரே இடத்தில் நொடிக்கு ஒன்றாகப் பத்து முறை மெல்லக் குத்துவோம். ஒரே அளவு குத்துதான். ஆனால் நாள்பட்ட வலி இருக்கும் பலருக்குக் கடைசிக் குத்து முதல் குத்தைவிட நன்றாகவே வலிக்கும். நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டுகிறது என்று அர்த்தம். ஒரு கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லிவிட்டு வேறு இடத்தில் வலி குறைகிறதா என்றும் பார்ப்போம். வலியை அடக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். இந்தச் சோதனைகள் எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கின்றன. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதவரிடம், "உங்க நரம்பு இப்படி ஆகியிருக்கு, நீங்க நடிக்கலை" என்று காட்டமுடிகிறது. அதைக் கேட்டதும் அழுதவர்கள் உண்டு. ஆகவே நான் அளப்பதற்கு எதிரி கிடையாது.

ஆனால் அளந்த எண் நிலையாக இருக்கவேண்டும் அல்லவா? ஒரே ஆளை இன்றைக்கு அளந்து, அடுத்த வாரமும் அளந்தால் ஏறத்தாழ அதே எண் வரவேண்டும். இதைத்தான் நம்பகத்தன்மை என்கிறோம். அழுத்தச் சோதனை இதில் பரவாயில்லை. ஒரே ஆள், ஒரே இடம், ஒரே வேகம் என்றால் நன்றாகவே ஒத்துவரும். அழுத்துகிற ஆள் மாறினால் குறையும். ஐஸ் தண்ணீர்ச் சோதனை இன்னும் தள்ளாடும். நேற்று தேறியவர் அடுத்த வாரம் தேறமாட்டார். அதோடு, நூறு பேரின் சராசரியைச் சொல்லப் போதுமான கருவி, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு என்ன சிகிச்சை என்று முடிவு செய்யப் போதாது. நாள்பட்ட வலி என்பதே நாளுக்கு நாள் மாறுவது. கருவி தவறியதா, வலிதான் மாறியதா என்று ஒரே ஒரு அளவை வைத்துச் சொல்லவே முடியாது.

ஃபைப்ரோமயால்ஜியா என்று ஒரு நோய், உடம்பு முழுக்க வலி. 1990-ல் அதற்கு விதி வகுத்தார்கள்: உடம்பில் 18 இடங்களில் நான்கு கிலோ அளவுக்கு அழுத்தவேண்டும், 11 இடத்தில் வலித்தால் நோய் உண்டு. பத்து இடம் என்றால்? கட்டைவிரலுக்குக் கட்டைவிரல் நான்கு கிலோ ஒன்றா? 2010-ல் வந்த புது விதிகளில் அந்த 18 இடங்களையே விட்டுவிட்டார்கள். வலி எங்கெல்லாம் இருக்கிறது, தூக்கம் எப்படி, களைப்பு எப்படி என்று நோயாளியிடமே கேட்கத் தொடங்கினார்கள்.

இப்போது என் அறைக்கு வாருங்கள். சூளையில் வேலை செய்யும் ஓர் அக்கா வந்திருக்கிறார் என்று வையுங்கள். "வலிக்க ஆரம்பிச்ச உடனே சொல்லுங்கக்கா" என்கிறேன். அழுத்துகிறேன். நெற்றி சுருங்குகிறது, கால்விரல் மடங்குகிறது, வாய் திறக்கவில்லை. நானாக நிறுத்திக் கேட்டால், "வலிச்சுதுதான் சார். நீங்களே நிறுத்துவீங்கன்னு இருந்தேன்" என்கிறார். ஒருமுறை இருமுறை நடந்தது இல்லை, அடிக்கடி நடக்கிறது. அந்த எண்ணை அப்படியே எழுதினால் 'வலியுணர்வு குறைவு' என்று பதிவாகும். நான் அளந்தது அவருடைய நரம்பை இல்லை. மேஜைக்கு அந்தப்பக்கம் இருப்பவரிடம் 'நிறுத்து' என்று சொல்ல வாழ்நாளில் அனுமதி கிடைக்காத ஒருவரின் பழக்கத்தை அளந்திருக்கிறேன். அந்த எண் அடுத்த வாரமும் அதேதான் வரும். நம்பகத்தன்மைக்குக் குறைவே இருக்காது! அடியில் புளி ஒட்டிய தராசு எப்போதும் ஒரே மாதிரி நூறு கிராம் குறைத்துத்தான் காட்டும்.

அதனால் செய்முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் கருவியை அவர்கள் கையில் கொடுத்து என் கட்டைவிரலில் அழுத்தச் சொல்வேன். நான் 'இப்போ' என்று கத்துவேன். சிரிப்பார்கள். பிறகு வலி இல்லாத இடத்தில் இரண்டு முறை பழக்குவேன். நிறுத்தும் பொத்தான் அவர்கள் கையில் இருக்கும். எவ்வளவு தாங்குகிறீர்கள் என்று பார்க்கும் சோதனை இல்லை இது, தாங்கினால் எனக்குத் தப்பான கணக்கு வரும் என்று சொல்லிவிடுவேன். பிறகு மூன்று முறை அளந்து சராசரி. அடுத்த தடவையும் அதே நேரம், அதே நாற்காலி, நானே. முந்தின இரவு தூங்கினார்களா, மாத்திரை போட்டார்களா, அன்றைக்கு வேலைக்குப் போனார்களா என்றும் குறித்துவைப்பேன்.

அம்மாவின் எக்ஸ்ரேக்கு வருகிறேன். மூட்டுத் தேய்மானத்தைப் படத்தில் பார்த்து 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறோம். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957-ல் வெளியிட்ட முறை. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதி வெள்ளையின மக்களைப் பார்த்து உருவானது. கூலி வேலை தெரியாதவர்கள் இல்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் ஆய்வில் இருந்தார்கள். ஆனால் நாளெல்லாம் சேற்றில் குனிந்து நடவு நடும் பெண்ணின் முட்டி அதில் இல்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அதே தர எண் உள்ள வெள்ளையரைவிட அதிக முட்டிவலி இருப்பதாகச் சொல்லிவந்தார்கள். படத்தில் இல்லாததால் மனதில் இருக்கிறது என்றார்கள்.

2021-ல் எம்மா பியர்சனும் அவருடைய குழுவினரும் ஒரு காரியம் செய்தார்கள். கணினிக்கு எக்ஸ்ரேக்களைக் கொடுத்துப் பழக்கும்போது, டாக்டர் போட்ட தரத்தை விடையாகக் கொடுக்கவில்லை. நோயாளி தனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று சொன்னதையே விடையாகக் கொடுத்தார்கள். வலியில் இருந்த இன வேறுபாட்டில் டாக்டர்களின் தரம் 9 சதவீதத்தைத்தான் விளக்கியது. கணினி 43 சதவீதத்தை விளக்கியது. அதே படங்கள்தான் தோழர்களே, புதிதாக எதுவும் எடுக்கவில்லை. வலிக்கான அடையாளம் மூட்டிலேயே இருந்திருக்கிறது. வருமானம் குறைந்தவர்கள், படிப்பு குறைந்தவர்கள் விஷயத்திலும் கணினி இதேபோல் கூடுதலாக விளக்கியது. பழக்கக் கொடுத்த படங்களில் எல்லாத் தரப்பு மக்களும் இருந்ததும் இதற்கு முக்கியக் காரணம்.

இந்தியாவில் இதைச் செய்தால் என்ன கிடைக்கும்? யாருடைய முட்டிகளைக் கொண்டு பழக்குவோம் என்பதைப் பொறுத்தது. சாதி, வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கியது என்று 1936-லேயே அண்ணல் எழுதிவிட்டார். யார் மூட்டு எந்த வேலையில் தேயவேண்டும் என்பதும் அந்த அடுக்கில் அடக்கம். நம் மருத்துவமனைப் பதிவேட்டில் அது இருக்கிறதா? 'தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதிவிட்டு முடித்துவிடுகிறோம். சாக்கடை அள்ளுபவரும் கூலி, கல் உடைப்பவரும் கூலி.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியது. ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்பதையும் அதன் குறிப்புகளில் சேர்த்திருக்கிறார்கள். இவ்வளவு வருடம் கழித்தாவது சேர்த்தார்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். 1975-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் வலிக்கு ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். அதில் வலியைச் சொல்ல 78 ஆங்கிலச் சொற்கள், 20 தொகுதிகளாக. நம் ஆட்கள் சொல்வதைக் கேளுங்கள்: குடையுது, கடுக்குது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, சுருக்குன்னு இழுக்குது, மரமரன்னு இருக்குது, உளையுது, எரியுது. குடைச்சலும் கடுப்பும் ஒன்றில்லை. எரிச்சலும் மரத்துப்போவதும் சேர்ந்து வந்தால் நான் நரம்பைச் சந்தேகிப்பேன். பத்துக்கு எத்தனை என்று மட்டும் கேட்டால் இதெல்லாம் தொலைந்துபோகிறது. எங்கள் அம்மாவின் நாலணா கணக்கும் நல்ல கணக்குதான். பதினாறு அணா ஒரு ரூபாய். பத்தைவிட நுணுக்கமான அளவுகோல் அது. சிரிக்க அதில் ஒன்றுமில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டில், தெருவில் இருக்கும் பெரியவர்கள் வலியை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள், கூடினது குறைந்ததை எப்படிக் கணக்குச் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். என்ன வேலை செய்தவர், எத்தனை வருடம் செய்தவர் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 'கூலி' என்று மட்டும் எழுதாதீர்கள். பெயர் வேண்டாம். இங்கே மருத்துவம் படிக்கும் தோழர்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் இருங்கள், எப்படித் தொகுப்பது என்று பேசிவிடலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.