பால் எங்கே போனது?



அரசியல் உருவக நாவல் ஒன்றைப் பாடமாக வைத்தால், கேள்வித்தாளில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. இடப்பக்கம் கதையில் வரும் பன்றிகளான நெப்போலியன், ஸ்நோபால், முதிய மேஜர். வலப்பக்கம் ஸ்டாலின், டிராட்ஸ்கி, மார்க்ஸ். கோடு போட்டு இணைக்கவேண்டும். ஜார்ஜ் ஆர்வெல் 1945-ல் வெளியிட்ட 'விலங்குப் பண்ணை' நாவலைத்தான் சொல்கிறேன். பிரிட்டனில் பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் இது பாடநூல். பிரிட்டன் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகள் நம் ஜொகூரிலும், இஸ்கண்டார் புத்ரி பக்கம், இருக்கின்றன.

கோடு போடும் அந்தக் கேள்விக்கு, நாவலைத் திறந்தே பார்க்காத மாணவரும் முழுப் புள்ளி வாங்கிவிடலாம். ரஷ்யப் புரட்சியின் வரலாறு பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் பட்டியலைத் தெரிந்துகொள்வது வேறு, நாவலைப் புரிந்துகொள்வது வேறு. நல்ல கேள்வி, பண்ணையில் அதிகாரம் எந்த நாளில், யார் கண்ணெதிரே கைமாறியது என்று தேடவைக்கும்.

உதாரணத்துக்கு ஒரு சிறிய கேள்வி: பால் எங்கே போனது? பண்ணை விலங்குகளின் கைக்கு வந்த முதல் நாளே கறந்த பால் காணாமல் போகிறது. அது பன்றிகளின் தீவனத்தில் கலக்கப்பட்டது என்று பிறகுதான் தெரிகிறது. ஆப்பிள்களும் அவற்றுக்கே போகின்றன. கதையின் திருப்பம் இந்த இடம்தான் என்று ஆர்வெலே 1946-ல் நண்பர் ட்வைட் மெக்டொனால்டுக்கு எழுதினார். நெப்போலியனின் நாய்கள் வந்து ஸ்நோபாலைத் துரத்துவதற்கு வெகு முன்பே நடந்தது இது. மாணவர் இந்தப் பாலைக் கவனித்தாரா? கவனித்தவருக்கு மீதி அத்தியாயங்கள் தாமாகத் திறக்கும்.

அடுத்தது, சுவரில் எழுதிய ஏழு கட்டளைகள். படுக்கையில் தூங்கக்கூடாது என்ற விதியோடு 'விரிப்புள்ள' என்ற சொல் பிறகு சேர்ந்துகொள்கிறது. மதுவை விலக்கிய விதி அளவு மீறாமல் குடிக்க இடம் கொடுக்கிறது. ஏழையும் ஒப்பிக்கச் சொல்வது நினைவாற்றலுக்கு வைக்கும் சோதனை. ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் சந்தேகித்தது யார், அந்தச் சந்தேகம் எப்படி அடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். குளோவர் என்ற பெண் குதிரைக்குச் சரியாக வாசிக்கத் தெரியாது. முரியல் ஆட்டைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறது. தன் நினைவுதான் பிசகிவிட்டதோ என்று தன்னையே சந்தேகிக்கிறது. கழுதை பெஞ்சமினுக்கோ பன்றிகளுக்கு நிகராக வாசிக்கத் தெரியும், ஆனால் வாய் திறப்பதில்லை. உழைப்பாளிக் குதிரை பாக்ஸரைக் கசாப்புக்கு ஏற்றிப் போகும் வண்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அது கத்திச் சொல்லும்போது காலம் கடந்துவிடுகிறது. பாக்ஸரின் முடிவில் பெஞ்சமினுக்குப் பங்கு உண்டா? இதற்கு மாதிரி விடை கிடையாது. மாணவர் உண்டு என்று வாதாடட்டும், இல்லை என்று வாதாடட்டும், கதையிலிருந்து சான்று காட்டினால் புள்ளி கொடுக்கலாம்.

இப்படிக் கேட்டால் நம் பிள்ளைகள் திணறுவார்கள் என்று சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணமே இல்லை. 1612-ல் ஜொகூர் அரசவையில் துன் ஸ்ரீ லானாங் தொகுத்த 'சுலாலத்துஸ் சலாத்தின்' நூலில் வரும் தோடாக் மீன் கதையைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். கூரிய மூக்குள்ள மீன்கள் சிங்கப்பூர்க் கரையைத் தாக்குகின்றன. ராஜா தன் ஆட்களின் கால்களையே வேலியாக நிறுத்துகிறார். வாழைத்தண்டை நட்டால் போதுமே என்று ஒரு சிறுவன் சொல்கிறான், ஊர் பிழைக்கிறது. ஆனால் இத்தனை அறிவுள்ளவன் வளர்ந்தால் ஆபத்து என்று அவனையே கொன்றுவிடுகிறார்கள். ராஜா எதற்குப் பயந்தார் என்று எந்த வகுப்பில் வேண்டுமானாலும் கேளுங்கள், பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி வீட்டில் இருந்தால், பிரட்டுக்களம், கங்காணி, கிராணியின் கணக்கு என்று அவர் சொன்ன கதைகளும் உதவிக்கு வரும். கூழ் குறைந்த காலத்தில், எல்லாம் கூடித்தான் இருக்கிறது என்று புள்ளிவிவரம் வாசிக்கும் பன்றி ஸ்குவீலர் அந்தப் பிள்ளைக்கு அந்நியமாகத் தெரியாது.

திருத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசிக் காட்சியில் பன்றிகளும் மனிதர்களும் ஒன்றாகிவிட்டார்கள் என்பதுதான் வழக்கமாக எதிர்பார்க்கும் விடை. முகங்களில் வித்தியாசம் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே மேசையில் சீட்டாட்டத்தில் இரு தரப்பும் ஒரே சீட்டை இறக்கிச் சண்டை போடுகின்றன. 1943-ல் நடந்த தெஹ்ரான் மாநாட்டை மனத்தில் வைத்து, சோவியத் யூனியனுக்கும் மேற்கு நாடுகளுக்கும் இடையிலான உறவு நீடிக்காது என்று காட்டவே அப்படி முடித்ததாக 1947-ல் வந்த உக்ரேனியப் பதிப்பின் முன்னுரையில் ஆர்வெல் விளக்கினார். எனவே, சண்டையோடு முடிகிறது என்று எழுதும் மாணவரின் புள்ளியைக் குறைத்துவிடாதீர்கள். அவர் பக்கத்தை உன்னிப்பாக வாசித்திருக்கிறார்.

தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு நான் சிபாரிசு செய்வது பெருமாள்முருகன் 2016-ல் எழுதிய 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. ஆட்டுக்குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்ய சனங்கள் அதிகாரிகள் முன் வரிசையில் நிற்கும் காட்சி அதில் உண்டு. இந்த ஆடுதான் இன்ன தலைவர் என்று கோடு போட அங்கே வழியே இல்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தே தேர்வு வைக்கலாம். அந்த வரிசையில் யார் பேசுகிறார்கள், யார் குரலைத் தாழ்த்துகிறார்கள், ஏன் தாழ்த்துகிறார்கள் என்று கேட்டு, எழுத ஒரு மணி நேரம் கொடுங்கள்.