ஊர்ப் பிள்ளையும் கணக்கேடும்

விடியற்காலை நான்கு மணிக்கே மும்பைத் தாராவியின் சந்துகளில் இட்லிக் கொப்பரைகள் ஆவி விடத் தொடங்கிவிடுகின்றன. மாதுங்காவிலும், தில்லிக் கரோல் பாகிலும், தமிழர் குடியேறிய பிற நகரங்களிலும் நம்மவர் நடத்தும் சிற்றுண்டிச் சாலைகளும் சிறு கடைகளும் பலவாகும். அவற்றைத் தொடங்குவோர் பெரும்பாலும் சொந்த ஊரிலிருந்தே வேலைக்கு ஆள் கொணர்கின்றனர். மாமன் மகன், பக்கத்துத் தெருப் பையன் என்ற உறவே அங்கு நியமனச் சீட்டாக இருந்துவிடுகிறது. அந்த உறவு நல்லதுதான். ஆயினும் அது மட்டும் போதுமா என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

நாம் நன்கறிந்த அன்பர் ஒருவர் இருபது ஆண்டுகளாக உணவுச் சாலை நடத்தி வந்தார். அவரிடம் பதினொருவர் வேலை செய்தனர். ஏட்டில் இருந்த பெயர்களோ ஒன்பது. பத்துப் பேர் என்று காட்டினால் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் சேர வேண்டுமே என்பது அவருடைய அச்சம். ஒரு நாள், ஏட்டில் இடம்பெறாத இளைஞன்மேல் கொதிக்கும் எண்ணெய் சாய்ந்தது. மருத்துவச் செலவு முழுவதும் முதலாளியின் தலையில் விழுந்தது. மகள் திருமணத்திற்கென்று சேர்த்த பணம் கரைந்தது. அதனினும் கொடியது வேறொன்று. "உங்களை நம்பித்தானே அண்ணே பிள்ளையை அனுப்பினேன்" என்று ஊரிலிருந்து வந்த தகப்பனார் கேட்ட கேள்விக்கு அவரால் விடை கூற இயலவில்லை. இரு குடும்பங்களும் இன்று பேசிக்கொள்வதில்லை.

அவர் மிச்சப்படுத்த எண்ணிய தொகைதான் எவ்வளவு? 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி ஊதியத்தில் நூற்றுக்கு 3.25 பங்கை முதலாளியும், 0.75 பங்கைத் தொழிலாளியும் செலுத்த வேண்டும். மாதச் சம்பளம் 15,000 ரூபாய் எனின், முதலாளியின் பங்கு 487 ரூபாய் 50 காசு. தொழிலாளியின் பங்கு 112 ரூபாய் 50 காசு. இரண்டும் சேர்ந்து 600 ரூபாய். இதற்கு ஈடாகத் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்திற்கும் மருத்துவ உதவி உண்டு. காயத்தால் வேலை செய்ய இயலாத நாட்களுக்கு ஊதியத்தின் பெரும்பகுதியும் உண்டு. பத்துக்குக் குறைவானவர் வேலை செய்யும் இடங்களும், முதலாளியும் தொழிலாளரில் பெரும்பான்மையோரும் உடன்பட்டால், தாமாகவே இத்திட்டத்தில் சேரலாம்.

2025 நவம்பர் 21ஆம் நாள் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுப்பது கடமையாகும். இன்ன வேலை, இன்ன சம்பளம், இன்ன நாள் முதல் என்று எழுதிக் கையொப்பமிடுவதில் உறவுக்கு இழுக்கு ஏதுமில்லை. நாளை ஐயம் எழுந்தால் அத்தாளே இருவருக்கும் சாட்சி கூறும். தொழிலாளர் எண்ணிக்கை இருபதை எட்டினால் வருங்கால வைப்பு நிதியும் கட்டாயமாகும்.

இனி வரியைப் பார்ப்போம். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடப்பில் உள்ளது. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருக்கும் உணவுச் சாலைகள் இணக்க வரி முறையைத் தேர்ந்துகொள்ளலாம். அதில் விற்பனையில் நூற்றுக்கு 5 செலுத்தினால் போதும். மூன்று மாதத்திற்கு ஒரு முறை வரி, ஆண்டிற்கு ஒரு முறை அறிக்கை. ஆனால் அவ்வரியை வாடிக்கையாளரிடம் தனியே வசூலிக்கலாகாது. வாங்கிய பொருள்களுக்குக் கொடுத்த வரியையும் கழித்துக்கொள்ள இயலாது. அறுபது ரூபாய்த் தோசையில் மூன்று ரூபாய் அரசினுடையது என்பதை நினைந்தே விலை வைக்க வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒருவருக்கு மும்பையில் ஒரு கடை, திருநெல்வேலியில் ஒரு கடை எனில், மாநிலத்திற்கு ஒன்றாகத் தனித்தனிப் பதிவுகள் வேண்டும். ஆயினும் விற்பனை வரம்பு இரண்டையும் கூட்டியே கணிக்கப்படும். இணக்க முறையைத் தேர்ந்தால் இரு கடைகளுக்கும் சேர்த்தே தேரவேண்டும். மேலும், அம்முறையில் உள்ளவர் வெளிமாநிலத்திலிருந்து சரக்கு வாங்கலாம், வெளிமாநிலத்திற்கு விற்கலாகாது. அப்பளம், பொடி வகைகள் செய்து பிற மாநிலங்களுக்கு அனுப்புவோர் இதை மறத்தலாகாது.

வருமான வரியிலும் எளிய வழி உண்டு. ஆண்டு விற்பனை இரண்டு கோடி ரூபாய்க்குள் இருந்தால், அதில் நூற்றுக்கு 8 பங்கை இலாபமாகக் கொண்டு கணக்குக் காட்டலாம். வங்கி வழியாகவோ கைபேசி வழியாகவோ வந்த தொகைக்கு 6 பங்கே போதும். அறுபது இலட்ச ரூபாய் விற்பனை முழுவதும் ரொக்கமாக வந்தால் இலாபம் 4,80,000 ரூபாய். முழுவதும் வங்கி வழியே வந்தால் 3,60,000 ரூபாய். வேறு வருமானம் இல்லாதவருக்கு 2025-26ஆம் நிதியாண்டின் புதிய முறைப்படி இவ்விரண்டிற்கும் வரியே இல்லை. "வரிதான் இல்லையே, கணக்கு எதற்கு?" என்று சிலர் வினவுவர். கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும் நாளில், நம்மை அறியாத அந்த ஊரில், நமக்காகப் பேசுவது அக்கணக்கு ஒன்றே.

ஆதலின் நேயர்களே, இன்றிரவு கடையைச் சாத்திய பின் ஒரு சிறு காரியம் செய்வோமாக. நம்மிடம் வேலை செய்வோர் அனைவரின் பெயரையும், ஒருவரையும் விடாது, ஒரு தாளில் எழுதுவோம். அத்தாளையும் சம்பள ஏட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவோம். ஏட்டில் இல்லாத பெயர் ஏதேனும் இருப்பின், அந்தப் பிள்ளையை நம்பி அனுப்பிய வீட்டை ஒரு கணம் நினைந்து, நாளைக் காலையில் அப்பெயரைச் சேர்ப்போம்.