பதில் மசோதாவுக்குள் இருக்க வேண்டும்

மசோதா சபைக்கு வந்தால் முதலில் அறிமுகம், அடுத்துப் பொது விவாதம், பிறகு பிரிவு பிரிவாக ஆய்வு, கடைசியில் நிறைவேற்றும் தீர்மானம். இந்த வரிசை பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. சபைச் செய்திகளைக் கேட்டுவருகிற எவருக்கும் இது புதிதாக இராது. இந்த நான்கு படிகளில் வாதத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பாடநூல் சொல்வதில்லை. பொது விவாதத்தில் என்று பலரும் நினைக்கிறார்கள். செய்தித்தாளில் தலைப்பாவது அது. தொலைக்காட்சியில் துண்டு துண்டாக வெட்டி ஓட்டப்படுவதும் அதுவே. மசோதாவின் தலையெழுத்தோ பிரிவுகளில் எழுதப்படுகிறது. சட்டம் யாருக்குப் பொருந்தும், எந்தத் தேதியிலிருந்து, எந்த ஊரில், மீறினால் என்ன தண்டனை, செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

மசோதாவைக் கொண்டுவரும் அமைச்சருக்குப் பெரும்பான்மை கையில் இருக்கிறது. எப்படியும் நிறைவேறப்போகிறதே, வாதம் எதற்கு என்ற சோம்பல் அங்கேதான் பிறக்கிறது. எதிர்த்தரப்பின் பலவீனமான கேள்விகளைப் பொறுக்கியெடுத்துக் கிண்டல் செய்துவிட்டு உட்கார்ந்துவிடுவது பெரும்பாலோர் வழக்கம். நல்ல வாதி எதிர்த்தரப்பின் மிகப் பலமான கேள்வியைத் தேடிப் போவார். அதற்குரிய பதிலை மசோதாவின் பிரிவாகவே எழுதிக்கொண்டு சபைக்கு வருவார். பதில் பேச்சில் இருந்தால் போதாது. பதில் மசோதாவுக்குள் இருக்க வேண்டும்.

இந்தக் கலைக்கும் சேலத்துக்கும் பழைய உறவு உண்டு. சேலத்து ஃபேர்லேண்ட்ஸில் உட்கார்ந்து கேட்பவர் எடுத்துக்காட்டுத் தேடி வெஸ்ட்மின்ஸ்டர் வரை போக வேண்டியதில்லை. சேலத்தில் வக்கீலாக இருந்த சி. விஜயராகவாச்சாரியார் 1895-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்தார். 1892-ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பினர் கேள்வி கேட்கலாம், வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம். அதன்மேல் வாக்களிக்க முடியாது. வாக்கு இல்லாத இடத்தில் வாதம் ஒன்றே ஆயுதம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். ஆனால் அரசுத் தரப்பு வாதத்தை ஒரு கலையாகவே ஆக்கிக் காட்டியவர் ராஜாஜி. இந்த உரையில் பெரும் பங்கு அவருக்கே போகிறது. போவதும் நியாயம்தான்.

1900-இல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கி, 1917-இல் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1937 ஜூலை 14 அன்று சென்னை மாகாணப் பிரதமராகப் பதவியேற்றார். சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. இத்தனை பேரை வைத்துக்கொண்டு வாதமே இல்லாமல் எதையும் நிறைவேற்றியிருக்கலாம். அப்படியிருந்தும் அவர் வாதத்தை விட்டுவிடவில்லை.

முதலில் மதுவிலக்கு மசோதாவை எடுத்துக்கொள்ளலாம். எதிர்த்தவர்களின் வாதங்கள் அற்பமானவை அல்ல. நிலவரிக்கு அடுத்தபடியாக மாகாணக் கஜானாவை நிரப்பியது கலால் வரி. அதை இழந்தால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் ஏது? கள் இறக்கிப் பிழைப்பவர்கள் எங்கே போவார்கள்? கடையை மூடினால் காட்டுக்குள் சாராயம் காய்ச்ச மாட்டார்களா? இவ்வளவு பெரிய மாகாணத்தில் நடக்கிற காரியமா இது?

கடைசிக் கேள்விதான் பலமானது. அதற்குப் பதிலாக ராஜாஜி மதுவின் தீமையைப் பற்றி இன்னொரு சொற்பொழிவு ஆற்றியிருக்கலாம். ஆனால் பதில் மசோதாவிலேயே இருந்தது. சட்டம் மாகாணம் முழுவதும் ஒரே நாளில் வராது. அரசு எந்தப் பகுதிக்கு அறிவிக்கிறதோ அந்தப் பகுதியில் மட்டும் வரும் என்று ஏற்பாடு. முதலில் அறிவிக்கப்பட்டது சேலம் ஜில்லா, 1937 அக்டோபர் 1 முதல். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலம் ஜில்லாவுக்குள். நடக்காது என்றவர்களிடம், ஒரு ஜில்லாவில் நடத்திப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று மசோதாவே சொல்லிவிட்டது. 1938 அக்டோபரில் சித்தூரும் கடப்பையும் சேர்ந்தன. 1939 அக்டோபரில் வட ஆர்க்காடு. ஒவ்வோர் ஆண்டும் எதிர்த்தரப்பு கேட்ட சான்று ஜில்லா ஜில்லாவாக வளர்ந்தது.

சேலத்தைத் தேர்ந்ததிலும் வாதம் உண்டு. 1925-இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையையும் நடத்தினார். அதன் ஆசிரியப் பணியில் துணையாக இருந்தவர் கல்கி. கள்ளுக்கடை வாசலில் குடியானவன் என்ன சொல்வான், அவன் மனைவி என்ன சொல்வாள் என்பதையெல்லாம் சபைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கேட்டிருந்தவர் ராஜாஜி. சபையில் எழுந்தபோது அவருக்குக் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

வருவாய் இழப்புக் கேள்வி மிச்சம் இருந்தது. இழப்பே வராது என்று அவர் மழுப்பவில்லை. நிதிப் பொறுப்பும் அவரிடமே இருந்ததால் பதிலும் அவரிடமிருந்தே வர வேண்டியதாயிற்று. 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. சிறு கடைக்காரருக்கு விலக்கு; பெரிய விற்றுமுதலுக்கு அரை சதவீத வரி. வியாபாரிகள் கொதித்தார்கள், காங்கிரசை ஆதரித்த வியாபாரிகளும் சேர்த்து. ஆனால் மதுவிலக்கு மசோதாவும் விற்பனை வரி மசோதாவும் ஒரே வாதத்தின் இரு பாதிகள். ஒரு கையால் விட்ட வருமானத்தை மறு கையால் எங்கிருந்து எடுப்பது என்பதற்கு இரண்டாவது மசோதா பதில். இந்தியாவில் முதலாவதான அந்தப் பொது விற்பனை வரியை மற்ற மாகாணங்களும் பின்னர் எடுத்துக்கொண்டன. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வரும்வரை மாநிலங்களின் சொந்த வரி வருவாயில் முதலிடம் விற்பனை வரிக்கே.

இவ்விரண்டுக்கும் நடுவே 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான், கடன் பத்திரத்தை அரசு கிழித்துப் போட்டால் நாளைக்கு விவசாயிக்கு எவன் கடன் கொடுப்பான் என்பது எதிர்வாதம். கடன் முழுவதையும் ரத்து செய்கிறோம் என்று முழங்கியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், சட்டம் நின்றிருக்காது. பிரிவுகள் தேதி பார்த்துப் பிரித்தன. 1932 அக்டோபர் 1-க்கு முந்தைய கடனில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி தள்ளுபடி. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. அதற்குப் பிந்திய கடனுக்கு வட்டி மட்டும் குறைக்கப்பட்டது. வருமான வரி கட்டுகிற வசதிக்காரர் விவசாயி என்ற பெயரில் உள்ளே நுழைய முடியாது. கடன் கொடுப்பவர் அஞ்சியது எவ்வளவோ, அதில் பாதியைப் பிரிவுகளே தணித்துவிட்டன. இங்கும் அதே பாடம்: பதில் மசோதாவுக்குள் இருந்தது.

இதே ராஜாஜி சறுக்கிய இடமும் இந்த விதியையே உறுதிப்படுத்துகிறது. 1953-இல் முதலமைச்சராக அவர் தொடக்கக் கல்வியை மாற்றியமைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது அது. குலக்கல்வி என்று எதிர்ப்பாளர்கள் வைத்த பெயரே இன்றும் நிற்கிறது. சபையைக் கலந்தாலோசிக்காமல், மசோதாவாகவும் வராமல், அரசின் திட்டமாக அது நேரே வந்தது. பிரிவும் இல்லை, திருத்தத்துக்கு வழியும் இல்லை. ஜூலை 29 அன்று திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138. சமமாக விழுந்ததால் தீர்மானம் நிறைவேறவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவிடம் விடக் கோரிய அடுத்த தீர்மானம் 139-க்கு 137 என்று வென்றது. அடுத்த ஆண்டு அவர் பதவி விலகினார். காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். மசோதாவாகவே வராத திட்டத்தைக் காப்பாற்ற ராஜாஜியின் வாதத் திறமையாலும் முடியவில்லை.

எதிர்த்தரப்பின் கலை வேறு. வாக்குக் கணக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் எதிர்ப்பவர் இன்றைய தோல்வியை ஒப்புக்கொண்டே எழுகிறார். அவருக்குச் சில வழிகள் உண்டு. இந்தச் சட்டம் இயற்ற இந்தச் சபைக்கு அதிகாரம் உண்டா என்று அரசமைப்பின் ஏழாவது அட்டவணையைக் காட்டிக் கேட்பது ஒன்று. மக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடு, தேர்வுக் குழுவுக்கு அனுப்பு என்று காலம் கேட்பது இன்னொன்று. ஆளுங்கட்சி முன்பு பேசியதை எடுத்து வாசிப்பது எல்லாவற்றிலும் கூர்மையானது. 1938-இல் இந்தி எதிர்ப்பு மறியல்காரர்கள்மேல் பாய்ந்த குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம், முன்பு காங்கிரசே கண்டித்த சட்டம். எதிர்த்தரப்பு அதைச் சுட்டியபோது ராஜாஜிக்கே தக்க பதில் இருக்கவில்லை.

சூழலைப் பார்த்து வாதிடுவதும் உண்டு. பிரிவினை கோருவதைத் தடுக்கும் 16-ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா 1963-இல் மாநிலங்களவைக்கு வந்தபோது, அண்ணா எதிர்த்துப் பேசினார். சீனப் போரின்போது தி.மு.க. அரசுக்குத் துணை நின்றதை நினைவூட்டி, இப்போது இதற்கு என்ன அவசியம் வந்தது என்று கேட்டார். கோபத்துக்கு இடம் இருந்த மசோதாவில் அவர் நிதானத்தைத் தேர்ந்தார். 1962 முதல் 1977 வரை மக்களவையில் இருந்த இரா. செழியன் வேறு ரகம்: விதிப் புத்தகமும் புள்ளிவிவரமும் அவருடைய ஆயுதங்கள்.

ஆனால் எதிர்ப்பின் உச்சம் திருத்தம். எதிர்ப்பவரும் தம் பதிலைப் பிரிவாக எழுதித் தர வேண்டும். பேச்சை மறுக்கலாம், எழுதிக் கொடுத்த திருத்தத்தைப் படித்துவிட்டுத்தான் மறுக்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதை அறிந்தவர். தேவதாசி முறை ஒழிப்புக்கு மரபின் பெயரால் எதிர்ப்பு வலுத்திருந்த காலத்தில், அவர் முதலில் கைவைத்தது நிலத்தில். கோயில் ஊழியத்துக்கு ஈடாக விடப்பட்ட மானிய நிலங்களை அந்த ஊழியக் கட்டிலிருந்து விடுவிக்கும் திருத்தத்தை, அறநிலையச் சட்டத்தில் 1929-இல் நிறைவேற்றச் செய்தார். முறையையே தடுக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது. முதலில் ஒரு பிரிவு, பதினெட்டு ஆண்டு கழித்து முழுச் சட்டம்.

இன்றைய மோஸ்தர் இவை எல்லாவற்றுக்கும் நேர்மாறு. பேசக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் பாதி, தலைவரைப் போற்றுவதில் கரைகிறது. ஒரு கவிதை, ஒரு குட்டிக் கதை, மேசை தட்டல், நேரம் முடிந்தது என்ற மணி. மசோதாவின் மூன்றாவது பிரிவு என்ன சொல்கிறது என்று பேசியவருக்கே தெரியாது. எதிர்த்தரப்பு முழக்கமிட்டு வெளிநடப்புச் செய்கிறது. வெளியே ஒலிவாங்கிகள் காத்திருக்கின்றன. கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதாக்கள் கூட்டமாக வந்து, குரல் வாக்கெடுப்பில் கூட்டமாகப் போகின்றன. எல்லாக் கட்சி ஆட்சியிலும் இதே கதைதான். டெல்லியும் மேல் இல்லை. 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 17-ஆவது மக்களவையில் 16 சதவீதம். 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகும். 1953-இல் விழுந்ததுபோன்ற 138-க்கு 138 என்ற வாக்கு இனி நினைத்துப் பார்க்க முடியாதது.

மதுவிலக்குப் பேச்சும் தேய்ந்த தடத்திலேயே ஓடுகிறது. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, தொண்ணூற்றைத் தாண்டிய ராஜாஜி கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2003-இல் மதுவின் சில்லறை விற்பனையே அரசு நிறுவனமான டாஸ்மாக் கைக்குப் போனது. அன்று முதல் எதிர்வரிசையில் இருப்பவர் கடையை மூடு என்பதும், ஆளும் வரிசையில் இருப்பவர் வருமானத்துக்கு வழி சொல் என்பதும் இருக்கை மாறும்போதெல்லாம் இடம் மாறுகின்றன. ஆனால் 1939-இன் இரண்டாவது மசோதாவுக்கு நிகராக ஒன்றை எந்த வரிசையும் மேசையில் வைப்பதில்லை.

தோற்கும் வாதத்துக்கும் பயன் உண்டு. அது அவைக்குறிப்பில் நிற்கிறது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரியவர்களில் திருச்சி சிவாவும் ஒருவர். கோரிக்கை அமளிக்கிடையே குரல் வாக்கில் தோற்றது. 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன, அதுவும் விவாதமே இல்லாமல். பிரிவு பிரிவாகக் கேட்க வேண்டிய கேள்விகளைக் குழு அறையில் கேட்க மறுத்ததால், டெல்லி எல்லைச் சாலைகளில் விவசாயிகள் ஓராண்டு உட்கார்ந்து கேட்டார்கள். மசோதாவுக்குள் வைக்காத பதிலை அரசு பிறகு வெளியே தேட வேண்டிவருகிறது. அதற்குள் சட்டமே போய்விடுகிறது.